இரண்டாம் விருப்பு வாக்கும் எமது கரையோரமும்

அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு உரிய ஆண்டு 2029. ஆயினும் கல்முனைத் தேநீர்க்கடைகளில் வேட்பாளர் பட்டியல் இப்போதே தயாராகிவிட்டது. அநுர குமார திசாநாயக்க மீண்டும் நிற்பார் என்கிறது ஒரு மேசை. வாக்களித்தபடி நிறைவேற்று ஜனாதிபதி முறையையே அவர் ஒழித்துவிடுவார், தேர்தலே வராது என்கிறது அடுத்த மேசை. இரு தடவை தோற்ற சஜித் பிரேமதாச மூன்றாம் தடவையும் வருவாரா, 2024இல் 2.57 வீதம் பெற்ற நாமல் ராஜபக்ஷ எவ்வளவு ஏறுவார் என்றெல்லாம் கணக்குகள் ஓடுகின்றன. என்னைக் கண்டால், "காக்கா, உள்ளுக்க என்ன கதை?" என்று கேட்பார்கள். உள்ளுக்குள் இருக்கும் கதை எதுவாயினும் அது கொழும்பில் முடிவாகும். எனக்குள்ள கவலை வேறு.

திகாமடுல்ல மாவட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 2005இல் ரணில், 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால, 2019இலும் 2024இலும் சஜித் இங்கு முன்னிலை பெற்றனர். நால்வரில் நாட்டை வென்றவர் மைத்திரிபால ஒருவரே. அம்பாறைத் தொகுதியின் சிங்கள வாக்குகளும் இதில் உள்ளன என்றாலும், கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பது ஊரறிந்த செய்தி. தோற்றவருக்கு வாக்களிப்பது குற்றமல்ல. ஆனால் எப்படியும் தமக்கே விழும் என்று ஒரு தரப்பும், எப்படியும் விழாது என்று மறுதரப்பும் எண்ணிவிட்ட வாக்குக்குச் சந்தையில் விலை கிடையாது.

வாக்களிப்புக்கு முன்பே விலை பெற்ற ஒரு தருணம் உண்டு. 1988இல் மர்ஹூம் அஷ்ரப், பிரேமதாசவுடன் பேசி, பாராளுமன்றத் தேர்தலின் வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைக்கச் செய்தார். அது 15ஆவது திருத்தமாக அரசியலமைப்பிலேயே ஏறியது. சிறிய கட்சிகள் அனைத்தும் அதன் நிழலில்தான் வாழ்கின்றன.

அதன் பின்னர் பேரம் தலைகீழானது. 2014 டிசம்பர் 28இல், வாக்களிப்புக்குப் பதினொரு நாட்களே இருந்தபோது, முஸ்லிம் காங்கிரஸ் மைத்திரிபாலவை ஆதரிப்பதாக அறிவித்தது. மருதமுனையிலும் நிந்தவூரிலும் மக்கள் அதற்கு வெகு முன்னரே முடிவெடுத்துவிட்டனர். தலைமை மக்களின் பின்னால் ஓடி வந்தது. 2019இல் மாவட்டத்தின் 63 வீத வாக்குகள் சஜித்துக்கு விழுந்தன. அடுத்த ஆண்டு, கொவிட்டில் இறந்த எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒக்டோபரில், அதே வாக்காளர் அனுப்பிய எம்.பி.க்கள் சிலர் கோட்டாபயவின் 20ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தினர். ஆக, பேரம் நடந்துதான் இருக்கிறது. வாக்காளனுக்கு அதில் பங்கில்லை. சுனாமிக்குப் பின் சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள் வருடக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, நமது கையில் உள்ளதும் நாம் தொடாததுமான கருவிக்கு வருகிறேன். 2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. எவரும் 50 வீதத்தைத் தாண்டவில்லை; அநுரவுக்கு 42.31, சஜித்துக்கு 32.76. ஏனைய வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து விருப்பு வாக்காக அநுரவுக்குக் கிடைத்தவை 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டினால் மூன்று இலட்சம்கூட வராது. மீதி முப்பது இலட்சம் வாக்குச்சீட்டுகள் அந்த இருவரில் எவருக்கும் உதவவில்லை. திகாமடுல்லவில் ரணிலுக்கு விழுந்த 20 வீதமளவிலான வாக்குகளும் இந்தக் குவியலில்தான் சேர்ந்தன.

2019இல் ஹிஸ்புல்லாஹ் விருப்பு வாக்குக் கணக்கோடுதான் களமிறங்கினார் என்று சிலர் நினைவூட்டுவர். அவர் பெற்றது 38,814 வாக்குகள். கோட்டாபய முதற்சுற்றிலேயே 52.25 வீதம் எடுத்ததால் இரண்டாவது எண்ணிக்கைக்கே இடமிருக்கவில்லை. தவிரவும், ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் சூடு ஆறாத ஆண்டில் முஸ்லிம் வேட்பாளர் ஒருவர் நிற்பது தெற்கில் எவருக்கு உதவும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். எனவே நமக்குள் ஒருவரைத் தேடும் வேலை வேண்டாம் என்பேன். போட்டி மும்முனையாக அமையுமானால், மூன்றாமவருக்கு 1 போடுகிறவர் 2ஐயும் போடப் பழகினால் போதும். அப்போது முதலிரு வேட்பாளரும் அந்த 2ஐக் கேட்டு ஊருக்குள் வந்தாக வேண்டும். வரும்போது காணிக் கோவைகளை முன்னே வைக்கலாம். வாக்குறுதியை எழுத்தில் கேட்கலாம்.

இதை அண்மையில் ஒரு மூத்தவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மனே, ரெண்டு பேருக்குப் போட்டா வோட்டுச் செல்லாமப் பெயித்திருமே?" என்றார். 1982 முதல் வாக்களித்து வருபவர். புள்ளடி மட்டும் இட்டாலும் செல்லும், 1, 2, 3 என்று இட்டாலும் செல்லும் என்பதை இத்தனை ஆண்டுகளில் எந்தக் கட்சிக்காரரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.