புழுங்கலரிசியும் நரம்பும்

புழுங்கலரிசி என்றால் நம்மில் சிலருக்கு இளக்காரம். மல்லிகைப் பூப்போல் வெளுத்த பச்சரிசிச் சாதத்துக்குத்தான் இலையில் மரியாதை. முகையூரில் என் பாட்டியார் அண்டாவில் நெல் அவிக்கும்போது, அந்த வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய பேரப்பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்த அண்டாவுக்குள் ஒரு வைத்திய சாஸ்திரமே வெந்துகொண்டிருந்தது என்பது, பிற்பாடு புத்தகங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது.

பெரிபெரி என்று ஒரு வியாதி உண்டு. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், முற்றினால் இருதயத்தையே பாதிக்கும். பழைய சென்னை ராஜதானியில், பச்சரிசி உண்ட தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களை இது வாட்டியது. புழுங்கல் உண்ட தமிழ் ஜில்லாக்களை அவ்வளவாக அண்டவில்லை. காரணம் என்ன? நரம்புக்கு இன்றியமையாத தயமின் என்னும் ஜீவசத்து, நெல்லின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. யந்திரத்தில் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்தாலோ, சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு நல்ல பகுதி தங்குகிறது.

1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விழுந்து கிடப்பதையும், தவிடு போகாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். 1918-இல் டாக்டர் மக்காரிஸன் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1936-இல் தயமினை ரசாயன முறையில் செய்து காட்டிய அமெரிக்கர் வில்லியம்ஸ் பிறந்த ஊர் எது தெரியுமா? நமக்கு அண்டையிலுள்ள நெல்லூர்!

இத்துடன் நிறுத்தினால், நரம்புக் கோளாறு எல்லாவற்றுக்கும் வைட்டமினே மருந்து என்று நேயர்கள் கடைக்கு ஓடிவிடக்கூடும். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் ஓடினார். பாதம் எரிகிறதென்று ஓராண்டுக் காலம் சத்து மாத்திரை விழுங்கினார். எரிச்சல் தணியவில்லை. கடைசியில் இரத்தத்தைச் சோதித்தால், நீரிழிவு! அதற்குள் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாதபடி பாதம் உணர்ச்சியிழந்திருந்தது.

ஜீவசத்துக் குறைவால் வந்த கேட்டை ஜீவசத்து தீர்க்கும். வேறு காரணத்தால் வந்ததை எப்படித் தீர்க்கும்? நீரிழிவுக்கு உண்ணும் மெட்பார்மின் மருந்து சிலருக்குப் பி12 சத்தைக் குறைப்பதுண்டு. அவர்களுக்கு அந்தச் சத்து அவசியந்தான். பி6 சத்தோ, அளவு மீறினால் தானே நரம்பைக் கெடுத்துவிடும்.

ஆகையால், உலையில் புழுங்கலரிசி போடுவதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. கால் மரத்தாலோ எரிந்தாலோ, கடைக்காரரைக் கேளாமல் டாக்டரைக் கேளுங்கள்.