யார் பெயரைத் தைப்பது?

குளிர்நாட்டுக் கோட்டைகளின் வெறுங்கற்சுவர்களை மறைப்பதற்கென்று, இடைக்கால ஐரோப்பியப் பெருங்குடியினர் சித்திரத் திரைச்சீலைகளை நெய்வித்தனர். கம்பளி நூலும் பட்டு நூலும் கலந்து தறியில் நெய்யப்பட்ட அச்சீலைகள் குளிரைத் தணித்தன. குடும்பப் பெருமையையும் ஊரறியச் செய்தன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை, பாரீசு மாநகரின் குளூனி அருங்காட்சியகத்தில் உள்ள ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்’ என்னும் ஆறு சீலைகள். கி.பி. 1500-ஐ ஒட்டி நெய்யப்பட்டவை. மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ளவை. ஐந்து சீலைகள் ஐம்புலன்களைக் குறிப்பன. ஆறாவதில் சீமாட்டி நகைப்பேழையின் அருகே நிற்கிறாள். தூய கன்னியின் மடியில் மட்டுமே அடங்கும் ஒற்றைக்கொம்புக் குதிரையை, மரியன்னையின் உதரத்தில் மனுவுருவான ஆண்டவருக்கு உவமையாகக் கொண்டனர் அக்காலக் கிறிஸ்தவர்.

இப்பாணியை ஒரு சாணுக்கும் குறைவாகச் சுருக்கி, கித்தான் துணி, நூல், ஊசி, கட்டப்படம் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு இன்று விற்கின்றனர். பொம்மை வீட்டின் சுவரில் மாட்டுவதற்கானது அது. ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைப்பதே பொம்மை வீட்டார் கொள்ளும் பொது அளவு. இதில் தறி இல்லை, நெய்தலும் இல்லை. கித்தானின் கண்களில் ஊசி கோத்து, சாய்தையலால் நிரப்புவதே வேலை. அங்குலத்துக்கு 18 கண் எனில், ஒரு சதுர அங்குலத்துக்கு 324 தையல்கள். சிறு பொருளேயானாலும் பொறுமையைச் சிறிதும் குறைத்துக் கேட்பதில்லை.

அத்தகைய உறை ஒன்று எங்கள் இல்லத்திற்கும் வந்தது. நாங்கள் சகோதரிகள் இருவர். மூத்தவர் பாரீசிலும் இளையவர் புதுச்சேரியிலும் வாழ்கிறோம். எங்கள் தாயார் சிறுமியாக இருந்தபோது, புதுச்சேரியில் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியரிடம் பூத்தையல் பயின்றவர். பிரான்சில் தோன்றிய அச்சபையின் கன்னியர் 1827-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்தனர். பாரீசிலுள்ள அருங்காட்சியகமும், தாயாருக்கு ஊசி பிடிக்கக் கற்றுத் தந்த சபையும் பர்கண்டி நாட்டின் குளூனி என்னும் ஒரே ஊரின் பெயரைத் தாங்கியவை. இதனை அறிந்த நாள்முதல் தாயாருக்கு அச்சீலைகளின்மீது தனி வாஞ்சை. ஆகவே அந்த உறையை அவருக்கென்றே வாங்கினோம்.

மேலிருந்து கீழாக அவர் தைத்து வந்தார். பாதிக்கு வந்தபோது கண்பார்வை குன்றியது. ஆயினும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. சாய்தையல்கள் யாவும் இடப்புறக் கீழிலிருந்து வலப்புற மேலாக ஒரே திசையில் சாய்தல் வேண்டும். அவருடைய கடைசி ஆறு வரிசைகளில் சில தையல்கள் எதிர்த்திசையில் சாய்ந்தன. சில, கண் தவறி இரட்டித்தன. அவ்வாண்டின் தவக்காலத்தில் அவர் ஆண்டவரில் துயில் கொண்டார். துணி பெட்டிக்குள் போயிற்று.

மூன்று ஆண்டுகளுக்குப்பின் அதனை எடுத்தபோது எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. பிழையான வரிசைகளைப் பிரித்துவிட்டுச் சீராகத் தைத்து முடிக்க வேண்டும், அம்மாவின் பெயருக்கு அதுவே அழகு என்றது ஒரு மனம். அம்மாவின் கையை அம்மா போனபின் திருத்துவதா என்றது மற்றொரு மனம். தபாலிலும் தொலைபேசியிலும் இந்த வழக்கு ஓராண்டு நடந்தது. துணியைப் பற்றிய வழக்காக மட்டும் அது நிற்கவில்லை. இறுதி நாள்களில் அருகிருந்தவர் யார், தொலைவில் இருந்தவர் யார் என்னும் பழைய வலியும் அதனுள் புகுந்தது.

தீர்வு அச்சீலைகளிடமிருந்தே கிடைத்தது. 1841-இல் புரோஸ்பெர் மெரிமே என்பவர் பூசாக் கோட்டையில் அவற்றைக் கண்டபோது, ஈரத்தால் அவை கெட்டிருந்தன. 1882-இல் அருங்காட்சியகம் அவற்றை வாங்கிற்று. பின்னர் சிதைந்த கீழ்ப்பகுதிகளைப் புதிய நூலால் நெய்து சேர்த்தனர். அப்புதிய நூலின் சாயமோ பழைய சாயத்தைவிட விரைவில் வெளுத்தது. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர் தந்த பழைய சிவப்பு ஐந்நூறாண்டு கடந்தும் நிற்க, செப்பனிட்ட இடம் மங்கித் தெரிகிறது. அருகில் நின்று அதனைப் பார்த்தோம். பழுதுபார்த்த கையும் பழைய கையும் வேறு வேறாய்த் தெரிவதால் அச்சீலை அழகு குன்றிவிடவில்லை. தாயாரின் தையலில் ஒன்றையும் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அடுத்து எழுந்தது கேடயத்தைப் பற்றிய கேள்வி. படத்தின் கீழே, சிவப்புத் தளத்தில் நீலப்பட்டையும் மூன்று வெண்பிறைகளும் கொண்ட சிறு கேடயம் உண்டு. மூலச் சீலைகளை நெய்வித்த லெ வீஸ்த் குடும்பத்தாரின் சின்னம் அது. நியூயார்க்கில் உள்ள ஒற்றைக்கொம்புக் குதிரைச் சீலைகளிலும் ‘ஏ’, ‘ஈ’ என்னும் இரு ரோமன் எழுத்துகள் கயிற்றால் பிணைக்கப்பட்டுள்ளன. அவை யாருடையவை என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒருமனப்படவில்லை. ஆக, சீலையில் தம் அடையாளம் பொறிப்பது பழைய மரபே. அந்த இடத்தில் அவரவர் முதலெழுத்தைத் தைக்கலாம் என்று உறையில் இருந்த தாளும் கூறிற்று.

தாளில் இருந்தவை ரோமன் எழுத்துகள் மட்டுமே. ஏழு தையல் உயரமும் ஐந்து தையல் அகலமும் அவற்றுக்குப் போதும். ஓலையில் வளர்ந்த நம் எழுத்துக்கு வளைவு இயல்பு. கித்தானோ சதுரங்களையன்றி வேறொன்றும் அறியாது. தாயாரின் பெயர் ‘ம’ என்னும் எழுத்தில் தொடங்குவது. கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று வரைந்து பார்த்தோம். ஏழு கட்டத்தில் சுழி அடைத்துக்கொண்டு வெறும் புள்ளியாயிற்று. சுழியின் உள்ளே ஒரு கட்டமேனும் காலியாக நின்றால்தான் அது சுழி. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் கொடுத்தபின் ‘ம’ தெளிவாய் எழுந்தது. துணியில் அது அரை அங்குலச் சதுரம். கேடயத்தின் அகலம் 13 தையல். இருபுறமும் இரண்டிரண்டு தையல் சிவப்பு நின்றது. பிறைகளுக்கென உறையில் வந்த வெள்ளை நூலையே எழுத்துக்குக் கொண்டதால் நிறம் மாறுபடும் அச்சமும் இல்லை. பூக்கள் சிதறிய தளத்தில் ஒரு பூவை மட்டும் கனகாம்பர நிறத்தில் தைத்தோம். ஐந்து தையலில் பூவின் வடிவம் வராது, நிறந்தான் வரும். அது போதுமானதாயிற்று. இறுதியில் துணியை நனைத்து, பலகையில் சதுரமாக இழுத்து ஊசி குத்தி உலர்த்தினோம்.

எங்கள் பெயர்களைத் தைக்கவில்லை. அக்காலச் சீலைகளில் பணம் கொடுத்தவரின் சின்னம் நிற்கிறது. இரவு பகலாய் நெய்த கைகளுக்கோ பெயர் இல்லை. இச்சிறு துணியிலேனும் உழைத்த கைக்கு உரிய இடத்தைக் கொடுக்க விரும்பினோம். பாதித் துணி தாயாரின் கை. எஞ்சியது எங்கள் இருவரின் கை. மூத்தவர் பாரீசில் தைத்து அனுப்ப, இளையவர் புதுச்சேரியில் முடித்தார். எதிர்த்திசையில் சாய்ந்த அந்தத் தையல்களை அடுத்து எங்கள் தையல் தொடங்கும் இடம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் யாரோ ஒருவர் முடிக்காது விட்டுச் சென்ற கைவேலை ஒன்று இருக்கக்கூடும். அதனை வெளியே எடுங்கள். அதிலுள்ள பிழைகளைப் பிரிக்குமுன், உங்கள் உடன்பிறந்தாரை அழைத்து ஒருமுறை சேர்ந்து பாருங்கள்.