மாமா பார்த்த பறவைகள்

சென்னைக்குப் பக்கத்திலேயே, 80 கிலோ மீட்டருக்குள் இருக்கிறது வேடந்தாங்கல். ஆனாலும் ‘போகணும், போகணும்’ என்று சொல்லியே காலத்தைக் கழிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஐம்பது வருஷமாக அந்த ஊர்ப் பேச்சு உண்டு. காரணம் என் மாமனார். நானும் குழந்தைகளும் அவரோடு இரண்டு தரம் போயிருக்கிறோம். என் மாமியார் மட்டும் போனதே இல்லை.

மாமா தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர். சீட்டாட்டம், சினிமா எதுவும் கிடையாது. பறவைகள்தான் அவருக்கு எல்லாம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைனாகுலர், கட்டுச்சாதம், கோடு போட்ட நோட்டு சகிதம் பஸ் ஏறிவிடுவார். 1974-ல் எழுதத் தொடங்கிய நோட்டுகள், 2019-ல் முழங்கால் வலி வந்து நிறுத்தும் வரை 31 சேர்ந்துவிட்டன. 2023 ஆவணியில், 82-ம் வயதில் காலமானார்.

தலைத் திவசம் முடிந்து, 2025 தை மாதம் ஒருநாள் அத்தையே கேட்டார்: “அந்த ஏரியில அப்படி என்னதான் இருக்கு? ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாமா?”

செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பினோம். இருபுறமும் வயல். வேடர்கள் தங்கிய இடம் என்பதால் வேடந்தாங்கல் என்று பெயர் வந்ததாம். வேடர் பெயரைக் கொண்ட ஊர், பறவைக்குக் காவலாக இருப்பதுதான் வேடிக்கை!

இந்தக் காவல் நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் ஜனங்கள் முறையிட்டு, 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்புக்கு ‘கவுல்’ எழுதி வாங்கியிருக்கிறார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அது அந்த விவசாயிகளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 2022-ல் இந்த ஏரி, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஏரி பெரிதல்ல, சுமார் 74 ஏக்கர்தான். கரையில் ஏறி நின்றதும் அத்தை, “என்ன இது, மரமெல்லாம் வெள்ளைத் துணி காயப் போட்ட மாதிரி இருக்கே!” என்றார். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் முழுக்கப் பறவைகள். கரண்டி போன்ற அலகுடன் கரண்டிவாயன், தாடைக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று பெயர் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் மாமா சொல்லிக் கொடுத்தது.

நத்தைகுத்தி நாரையைத்தான் அத்தை வெகுநேரம் பார்த்தார். அதன் அலகு நடுவில் மூடாது, ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்துச் சதையை எடுப்பதற்கு ஏற்ற அலகு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். உச்சி வெயிலில் குஞ்சுகள் வாடாமல் இருக்கத் தாய்ப்பறவையோ தகப்பன் பறவையோ இறக்கையை விரித்துக் குடை பிடிக்கும்.

மாமாவின் நோட்டு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். தேதி, மழை, பறவைக் கணக்கு, பஸ் சார்ஜ் என்று வரிசையாக இருக்கும். 1983 ஜனவரிப் பக்கத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். நத்தைகுத்தியைப் பற்றி எழுதிவிட்டு ஓரத்தில் பென்சிலால், ‘ஆணும் பெண்ணும் முறை வைத்துக் குஞ்சு வளர்க்கின்றன. இதை வீட்டில் அவளுக்கு ஒருநாள் காட்ட வேண்டும்’ என்று குறித்திருந்தார்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கூப்பிட்டார்மா, கூப்பிடாம இல்லை. நாலு பிள்ளைங்க, மாமியார், மாமனார். அவருக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருந்தது. எனக்கு ஏது?” என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. நாற்பத்தைந்து வருஷம் விடியற்காலை எழுந்து அந்தக் கட்டுச்சாதத்தைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தானே.

மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் திரும்பின. அந்த நேரத்தில் வக்கா மட்டும் இரை தேடக் கிளம்பியது. “ஓகோ, இதுக்கு நைட் ஷிப்டா?” என்று சிரித்தார் அத்தை. பைனாகுலரை என்னிடம் திருப்பித் தரவே இல்லை. கிளம்பும்போது, “கூழைக்கடா நாப்பத்தி மூணு. எழுதிக்கோ” என்றார். நோட்டின் கடைசியில் காலியாக இருந்த பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல சமயம். மழை பொய்த்த வருஷம் என்றால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். தண்ணீர் இல்லையேல் பறவையும் இல்லை. காலை வேளை அல்லது நாலு மணிக்கு மேல் போவது நல்லது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் புடவை வேண்டாம். மங்கலான நிறமே சரி. குழந்தைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரும் புளியோதரையும் கையோடு எடுத்துப் போங்கள். இலையையும் காகிதத்தையும் அங்கே போடாமல் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். நேரமிருந்தால் பக்கத்தில் உள்ள கரிக்கிலி ஏரியையும் பார்க்கலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அத்தைக்கு 76 வயது. கரையில் மெதுவாக நடந்து, அலுப்பில்லாமல் வந்தார். அடுத்த நாள் காலை ஒரு புது நோட்டு வாங்கி வரச் சொன்னார்.