ஒத்தி

இரவு டியூட்டி முடிந்து காலையில் மகள் கதவைத் திறக்கும்போது, கையில் தேய்த்துக்கொள்ளும் மருந்தின் ஸ்பிரிட் வாடை அவளுக்கு முன்பாக உள்ளே வந்துவிடுகிறது, நியூயார்க் குளிருக்கு ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடக்கும் இந்த வீட்டில் அது போக வழியில்லாமல் சோபாவிலும் என் போர்வையிலும் ஒட்டிக்கொள்கிறது, ருசியே இல்லாத இந்த ஊர்ப் பாலில் போட்ட காபியோடு நான் கண்ணை மூடினால் பெரிய அத்தை வந்து நிற்கிறாள்.

அத்தை மேலும் இதே வாடைதான், கூடவே கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையின் மொடமொடப்பும், ஊசி வெந்நீரில் கொதிக்கும்போது வரும் ஆவியின் வாசமும் இருக்கும். நெல்லைச் சீமையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, பின்னால் நர்சுகள் குவார்ட்டர்ஸ், ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக மத்தியான வெயில் ஒரு சதுரமாக விழுந்து அத்தை கட்டில் வரை நகரும். அந்த ஆஸ்பத்திரிதான் அவளை மேல்படிப்புக்கு வேலூருக்கு அனுப்பியது, ஃபீஸ், ஹாஸ்டல், ரயில் சார்ஜ் எல்லாம் அவர்கள் செலவு, திரும்பி வந்து மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும். பத்திரத்தைத் தாத்தா இரண்டு தடவை படித்தார், மூக்குப்பொடியை உறிஞ்சினார், "இது ஒத்திடே, பணம் அடையுற வரைக்கும் நெலம் அவன் கையில" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அத்தையைப் பார்க்க அவரோடு ஒருமுறை போனேன், விடிவதற்குள் காட்பாடியில் இறங்கி, மொட்டைப் பாறை மலைகளைப் பார்த்துக்கொண்டே போய், ஹாஸ்டல் வராந்தா பெஞ்சில் முறுக்கு டின்னோடு காத்திருந்தோம். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஸ்கடரம்மா 1909இல் அங்கே நர்ஸ் பள்ளிக்கூடம் ஆரம்பித்த காலத்தில் பெண்ணை அனுப்ப ஆள் கிடையாது, 1946இல் டிகிரியே வந்துவிட்டது, இப்போது நாம் பெஞ்சில் உட்கார இடம் தேடுகிறோம் என்று தாத்தா யாரிடமோ பெருமையடித்தார், வேட்டி முடிச்சில் இருந்த காசை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வந்த அத்தையின் சர்டிபிகேட் மேட்ரனின் இரும்பு அலமாரிக்குள் போனது, சாவி மேட்ரன் இடுப்பில். மெட்ராஸிலிருந்து ஒரு வரன் வந்தது, மூன்று வருடம் முடியட்டும் என்றாள் மேட்ரன், மாப்பிள்ளை காத்திருக்கவில்லை. அதே மேட்ரன்தான் அத்தைக்கு டைபாய்டு வந்தபோது இரவெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், அவளை நல்லவள் என்பதா கெட்டவள் என்பதா என்று எங்கள் வீட்டில் கடைசிவரை தீரவில்லை. மூன்று வருடம் முடிந்து சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகும் அத்தை அங்கேயே இருபத்தொன்பது வருடம் இருந்தாள், பிரியமா பழக்கமா, அவள் சொன்னதில்லை.

மகள் இங்கே நர்ஸ் பிராக்டிஷனருக்குப் படிக்கிறாள், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வருடத்துக்கு 5,250 டாலர் தருகிறது. அதென்ன அப்படி ஒரு கணக்கு என்றால், அதுவரைக்கும்தான் வரியில்லை, 1986இல் சட்டத்தில் வைத்த வரம்பு, படிப்புச் செலவு எங்கேயோ போய்விட்டது, எண் மட்டும் நாற்பது வருடமாக நகரவில்லை, 2026 கழிந்த பிறகுதான் விலைவாசியை ஒட்டி ஏற்றப்போகிறார்கள். அதனால் அவள் ஒரு பேப்பரை ஜனவரிக்குத் தள்ளிவைக்கிறாள், புது வருடம் புதுப் பணம். மார்க் 'பி'க்குக் கீழே போனால் காசு கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். "யாரும்மா இதையெல்லாம் முடிவு பண்றது?" என்று கேட்டேன், "போர்ட்டல்ப்பா" என்றாள். மேட்ரனுக்காவது திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது.

ஊரில் கிடக்கும் தரிசை விற்றுத் தருகிறேன், இவர்கள் காசைக் கட்டி எறி என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன், நேற்றுத் தாத்தாவின் ஒத்திக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டவள், "நீ நெலத்த வித்துக் குடுத்தா அது ஒத்தி இல்லையாப்பா? இதுக்காவது தேதி இருக்கு" என்றாள்.

இன்று நான் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை, டிபன் டப்பாவை வாங்கிக் கழுவி வைத்தேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சோபாவிலேயே தூங்கிப்போனாள், கையிலிருந்த போனில் 486 நாள் என்று பெரிதாக ஓர் எண், கொஞ்ச நேரத்தில் அதுவும் தானே அணைந்தது.