39-ஆ, 34-ஆ

டிசம்பர் 3
ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. இன்று டிரெட்மில் சோதனை. சைக்கிள் ஓட்டலாம், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர். ஏற்காடு மேட்டைப் பற்றிக் கேட்டேன். “120-க்குள்ள ஏற முடிஞ்சா ஏறுங்க” என்றார். வீட்டுக்கு வரும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் 4
டயர் இரண்டும் காற்றில்லாமல் படுத்திருந்தன. துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 8
அடிவாரம் வரை சமதளம். துடிப்பு 95-இல் நின்றது, மனசும் நன்றாக இருந்தது. மேடு தொடங்கியதும் கடைசி கியருக்கு வந்துவிட்டேன். முன்னால் 39 பல், பின்னால் 25. இதற்குக் கீழே போக என் வண்டியில் கியர் இல்லை. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 3.3 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்றாவது மிதிக்காவிட்டால் முட்டி பிடித்துக்கொள்ளும். 60 சுற்று மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம், மேட்டில் அது இப்போது எனக்கு அதிகம். மெதுவாகப் போக இந்த வண்டி விடாது என்பதுதான் சிக்கல். 112. 118. 124. இறங்கிவிட்டேன். முதல் கொண்டை ஊசி வளைவுகூட வரவில்லை. பின்னால் ஸ்கூட்டியில் வந்தவள் இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

டிசம்பர் 9
சைக்கிளைத் தொடவில்லை.

டிசம்பர் 14
சைக்கிள் கடைத் தம்பி வண்டியை ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தான். பின்னால் 11-34 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 34 பல் வரையுள்ள சக்கர அடுக்கு, போடலாம் என்கிறான். ஆனால் செயினைப் பல் மாற்றும் பின் டீரெய்லர், இவர்கள் சொல்லும் ஆர்.டி., இப்போதிருப்பதன் கை குட்டை, 34 பல்லில் இடிக்கும். ஷிமானோவின் பழைய 9 கியர் மலைச் சைக்கிள் ஆர்.டி. இந்த 10 கியர் லீவரோடு ஒத்துப்போகுமாம், ஒன்று கைவசம் இருக்கிறது. செயினும் நீளமாக வேண்டும். கியருக்குக் கியர் இடைவெளி கூடிவிடும் என்பதால் சமதளத்தில் காலுக்குச் சரியான கியர் சில சமயம் சிக்காது. அது எனக்குப் பெரிதில்லை.

முன்பக்கம்தான் யோசனை. என் கிராங்கில் 38-க்குக் கீழே பல்சக்கரம் பொருந்தாது. 34 வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். 39-34 என்றால் ஒரு சுற்றுக்கு 2.4 மீட்டர். 34-34 என்றால் 2.1 மீட்டர், 60 சுற்றுக்கு மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பழைய கியரோடு பார்த்தால், அதே 60 சுற்றுக்கு மேட்டில் கால் தர வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கணக்கில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கிராங்கோடுதான் கொல்லிமலையின் 70 வளைவையும் ஏறினேன். இப்போதைக்குப் பின்பக்கம் மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 17
தூக்கமில்லாமல் சைக்கிள் பந்தயக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். டூர் டி பிரான்ஸில் 1937-இல்தான் டீரெய்லரை அனுமதித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பெரிய பல்லுக்கு மாறுவார்கள். அந்தப் போட்டியைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது கடந்தவர்களுக்குத்தான் என்று 1902-இல் எழுதியிருக்கிறார். எனக்கு 48. நடு ராத்திரியில் அந்த மனிதர் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

டிசம்பர் 22
மச்சான் வந்திருந்தார். மலைப் பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டியவர். “வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிரணும் மாப்ள. திணற ஆரம்பிச்ச பிறகு குறைச்சா ஏத்துக்காது” என்றார். சைக்கிளுக்கும் அப்படித்தான். முழு பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடவென்று பல்லில் ஏற மறுக்கும். பிறகு எனக்கு எப்போதிலிருந்து மூச்சு வாங்கியது என்று கேட்டார். வைகாசியிலிருந்தே என்றேன். அடுப்படியில் பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றது.

டிசம்பர் 23
மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கினேன்.

ஜனவரி 5
39-34. இரண்டாவது வளைவு வரை உட்கார்ந்தபடியே ஏறினேன்! முட்டியில் வலி இல்லை. துடிப்பு 116, 119, அப்புறம் 121. நின்று இளைப்பாறி மறுபடி ஏறியதும் அதே 121. துடிப்பை அடக்கும் மாத்திரை போட்டும் இவ்வளவு. அதற்கு மேல் போகவில்லை. திரும்பும்போது பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன். ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறேன், விழுந்து சிராய்த்தால் லேசில் நிற்காது.

ஜனவரி 6
சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள்: “முன்னாடியும் 34 போட்டா, 120-க்குள்ள நிக்குமாங்க?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நிற்கலாம் என்றேன். “அப்பப் போட்டுருங்க.”

ஜனவரி 9
தம்பி போன் செய்தான். கிராங்க் வந்திருக்கிறது, எடுத்து வைக்கட்டுமா என்றான். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.