நமக்கு டீம் எங்க இருக்கு?

மாசி பிறந்தால் எனக்கு இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேரும். பங்குனித் திருவிழாவுக்கும் கல்யாணங்களுக்கும் ஜாக்கெட் துணிகள் கடையில் குவியும். அதே நாட்களில் சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸின் பயிற்சி முகாம் தொடங்கிவிடும். காலில் தையல் மெஷின் ஓடும். சுவரில் சாய்த்து வைத்த போனில் வலைப்பயிற்சி ஓடும். யார் வந்திருக்கிறார்கள், யாருக்குக் காலில் கட்டு, புதிதாக எடுத்த பையன் எப்படி அடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே கொக்கி வைப்பேன். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய இந்த ஒரு மாதம்தான் ரசிகைக்கு நல்ல காலம். இன்னும் எதுவும் தோற்றிருக்காது.

என் கடை கொட்டாம்பட்டியில் இருக்கிறது. மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில், மேலூர் தாண்டி வரும் ஊர். கடைக்குப் பக்கத்தில் டீக்கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஆண்கள் அணியைப் பற்றிப் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். அவர்கள் சொல்வதில் பாதி தப்பு என்பதும் தெரியும். பல வருடம் வாய் திறந்ததில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணே, அந்தப் பையன் லெக் ஸ்பின் இல்ல, ஆஃப் ஸ்பின்" என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, நீயும் தோனிக்காகத்தான் பாக்குறியா?"

ஆமாம், தோனிக்காகவும்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் வேறு எந்த ஆணிடமும் கேட்டிருக்க மாட்டார். ஓர் ஆண் கிரிக்கெட் பார்த்தால் ஆட்டத்தைப் பார்க்கிறான். பெண் பார்த்தால் ஆட்டக்காரனைப் பார்க்கிறாள். இந்தக் கணக்கு எங்கள் ஊரில் மட்டும் உள்ளதில்லை என்று இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

2008 ஜூன் 1 அன்று முதல் ஐபிஎல் இறுதி ஆட்டம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கூடத்தில் அப்பாவும் அண்ணனும் அண்ணனின் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அம்மாவும் அடுப்படி நிலைப்படியில் நின்று பார்த்தோம். கடைசிப் பந்தில் ராஜஸ்தான் ஜெயித்தது. கூட்டாளிகள் எழுந்து போனார்கள். நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவும்போது அழுதேன். அம்மா பயந்துபோய், "என்னத்தா, யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்றாள். அணி தோற்றதற்கு அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வயிற்றுவலி என்றேன்.

அதன்பிறகு 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகள் பார்த்துவிட்டேன். இரண்டு வருடம் அணியே இல்லாமல் தடையில் இருந்ததையும் பார்த்தேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கடை வைத்து, இப்போது டிவியின் ரிமோட் என் கையில் இருக்கிறது. அவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் சத்தமாகக் கத்தலாம். என் மகளும் என்னோடு சேர்ந்து கத்துவாள்.

2025-க்கான அணியைப் பார்த்தபோதே எனக்கு மனசு ஒப்பவில்லை. ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் ஆளுக்கு 18 கோடி, பத்திரனாவுக்கு 13, துபேவுக்கு 12. ஐந்து வருடமாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர்களுக்கு என்று வந்த விதியில் தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்ததில் எனக்கும் சந்தோஷம். நூர் அகமதுக்குக் கொடுத்த 10 கோடியும் சரி. ஆனால் நடுவரிசையில் திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர். எல்லாரும் பார்த்துப் பழகிய முகங்கள். முதல் ஆறு ஓவரில் பயமில்லாமல் அடிக்கிற இளசு ஒன்றுகூட இல்லை. முகாம் வீடியோக்களில் தேடித் தேடிப் பார்த்தேன். "இவங்களுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கண்டாலே பயம், பாப்பா. பழசையே கட்டிக்கிட்டு அழுவாங்க" என்று மகளிடம் சொன்னேன். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. பதில் சொல்லாமல் என்னையே பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, கார்த்திகையில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் மதுரையில் பெண் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் தேர்வு நடக்கிறது, விளையாட்டு டீச்சர் பெயர் கொடுக்கச் சொன்னார்கள் என்றாள். நான் வேண்டாம் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. மதுரை போய்வர எத்தனை மணி நேரம், திரும்பும்போது இருட்டிவிடும், வயசுக்கு வந்த பிள்ளை, வெயிலில் கறுத்துப்போவாய், யார் கூட்டிக்கொண்டு போவது, கடையை யார் பார்ப்பது. எல்லாம் என் வாயிலிருந்துதான் வந்தன. இதில் மாமியாரைக் குறை சொல்ல முடியாது. அத்தை திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவரையும் சொல்ல முடியாது. போனில், "அனுப்பித்தான் பாரேன்" என்றார். வேண்டாம் என்றவள் நான். பதினாறு வருடமாக ஓர் அணியின் ஒவ்வொரு ஓவரையும் எண்ணிக்கொண்டிருந்தவள், தன் பிள்ளை மட்டையைத் தொடும்போது தன் அம்மாவாக மாறிப்போனேன். அவள் அழவில்லை. மட்டையைக் கொண்டுபோய் நெல் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அடுத்த சில நாட்களில், டிசம்பர் 15 அன்று பெங்களூருவில் பெண்களுக்கான பிரீமியர் லீக் ஏலம் நடந்தது. மதுரையைச் சேர்ந்த கமலினி என்ற 16 வயதுப் பெண்ணை மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடிக்கு எடுத்தது. விக்கெட் கீப்பர், இடது கை ஆட்டக்காரி. பிப்ரவரி 2 அன்று கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அந்த அணியிலும் இருந்தாள். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56. செய்தியைப் படித்துக் காட்டியது மகள்தான். "மதுரைக்காரப் பொண்ணும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

2025-இல் மாசி மாதம் ஒரே நேரத்தில் இரண்டும் ஓடின. பகலில் சேப்பாக்கம் முகாம். இரவில் பெண்கள் லீக். பிப்ரவரி 21 அன்று பெங்களூருவில் மும்பைக்கும் பெங்களூருக்கும் ஆட்டம். ஒரு பந்து மீதமிருக்க மும்பை ஜெயித்தபோது களத்தில் ஆட்டமிழக்காமல் நின்றவர்களில் ஒருத்தி கமலினி. மகள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். எனக்குக் கை தட்ட வரவில்லை. மும்பையின் நீலச் சட்டையைப் பார்த்தால் எனக்குப் பல வருடமாக வயிறு எரியும். "ஏத்தா, மும்பைக்குப் போய் இந்தக் குதி குதிக்கிற? நம்ம டீமா அது?" என்றேன்.

"நமக்கு டீம் எங்கம்மா இருக்கு?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. 2023 ஜனவரியில் பெண்கள் லீக்கின் ஐந்து அணிகளை மொத்தம் 4,669.99 கோடிக்கு விற்றார்கள். மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப்பிரதேசம். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண், 2013-இல் அதைச் செய்த திருஷ் காமினி, தமிழ்நாட்டுக்காரர். 2024 ஜூனில் இதே சேப்பாக்கத்தில்தான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் இந்தியப் பெண்கள் 6 விக்கெட்டுக்கு 603 ரன் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். ஷபாலி வர்மா மட்டும் 205. மைதானம் இருக்கிறது. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைப் போல் மஞ்சள் சேலை எடுத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அணிதான் இல்லை. மஞ்சள் சட்டை போட வேண்டும் என்று ஆசைப்படும் பெண் பிள்ளைக்கு, இன்றைக்கும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிற இடம்தான் இருக்கிறது. இதை இத்தனை வருடம் நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

மார்ச் 23 அன்று முதல் ஆட்டத்தில் மும்பையைச் சென்னை வென்றது. நூர் அகமதுக்கு நாலு விக்கெட். டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ வந்தது. 28-ஆம் தேதி பெங்களூரு வந்து 50 ரன்னில் அடித்துவிட்டுப் போனது. 2008-க்குப் பிறகு அவர்கள் சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். தோனி ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 எடுத்தார். ஆட்டம் கையைவிட்டுப் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அரங்கமே எழுந்து நின்று ஆடியது. நானும் எழுந்து நின்றேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன்.

எங்கள் மாமனார் கடைசிவரை பத்தாயத்துச் சாவியை இடுப்பில்தான் வைத்திருந்தார். கண் தெரியாது, நடக்க முடியாது. நெல் அளந்தது, விற்றது, கடன் கட்டியது எல்லாம் அத்தையும் நானும். ஆனால் சாவியைக் கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவர் மனசு கஷ்டப்படும். அவர் நல்ல மனிதர், எனக்கு அவர்மேல் உயிர். தோனிமேலும் உயிர்தான். பெரியவர்மேல் உள்ள பாசத்தில் வீட்டில் மற்றவர்களுக்கு எது எது கிடைக்காமல் போகிறது என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. பார்ப்பதே பாவம் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

அந்த வருடம் வரிசையாக ஐந்து தோல்வி. முழங்கையில் அடிபட்டு ருதுராஜ் வெளியே போனார். ஏலத்தில் எடுக்காத 17 வயது ஆயுஷ் மாத்ரேயை அவர் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தான். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. 14 ஆட்டத்தில் 4 வெற்றி, முதல் முறையாகக் கடைசி இடம். "நான் அப்பவே சொன்னேன்ல? இந்தப் பையனை முதல்லயே எடுத்திருக்கலாம்ல?" என்று டிவியைப் பார்த்துத் திட்டினேன்.

மகள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நீ மட்டும் எடுத்தியாக்கும்" என்றாள்.

மறுநாள் குதிருக்குப் பின்னாலிருந்து மட்டையை நானே எடுத்தேன். எலி கைப்பிடி ரப்பரைக் கடித்திருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் மாசி, பங்குனியில் கண்மாய் வற்றும். வற்றியதும் அது மைதானம். கருவேலங்குச்சி மூன்றை நட்டு, டென்னிஸ் பாலை வைத்துப் பையன்கள் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள், இருட்டும்வரை ஆடுவார்கள். அந்தக் கண்மாய்க்குப் பெண்கள் விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் போவோம். ஆடப் போனதில்லை. நாங்கள் ஐந்தரைக்குப் போனோம். நான் பந்து போட வேண்டும். எத்தனை ஆயிரம் ஓவர் பார்த்திருப்பேன்! ஒரு பந்துகூடப் போட்டதில்லை என்பது கையில் பந்தை வாங்கியபோதுதான் உறைத்தது. முதல் பந்து என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது முள்ளுக்குள் போனது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பத்து நாள் தோள்பட்டை வலி. மெஷினில் துணி தள்ள முடியவில்லை. அத்தைதான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். "இந்த வயசுல ஒனக்கெதுக்குடி?" என்று கேட்டுக்கொண்டே தேய்த்தார்.

வைகாசிக்குள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும் ஆட்டம் நின்றது. அந்த அக்டோபர் 9 அன்று மதுரை சிந்தாமணியில் கட்டிய புதிய கிரிக்கெட் மைதானத்தைத் திறந்துவைக்க தோனியே வந்தார். டீக்கடை ஆட்கள் விடியற்காலையிலேயே வேன் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்து போட்டோ காட்டினார்கள். மகள் பார்த்துவிட்டு, "அங்க பொம்பளப் பிள்ளைகளும் ஆடலாமா அண்ணே?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அடுத்த மாதமே, நவம்பர் 2 அன்று, இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். அன்று டீக்கடை டிவியிலும் அந்த ஆட்டம்தான் ஓடியது.

டிசம்பர் ஏலத்தில் என் அணி, இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு இளைஞர்களை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. கடைசி இடத்துக்குப் போய்த்தான் புத்தி வந்தது. எனக்கும் அப்படித்தான்.

இப்போது மறுபடியும் மாசி. கண்மாய் ஓரம் காய்ந்துவிட்டது. போன வாரம் பையன்களில் ஒருவன் வந்து, "அக்கா, ஏழு மணிக்கு எங்களுக்கு இடம் வேணும்" என்றான். "ஏழரை" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஏழரை வரை இடம் எங்களுக்கு. ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூட பஸ்.

வரும் சனிக்கிழமை மதுரையில் தேர்வு. எடுப்பார்களா தெரியாது, பவுன்சர் வந்தால் இவள் இன்னும் கண்ணை மூடுகிறாள். திரும்பி வர இருட்டிவிடும் என்பதும் மாறவில்லை. அதனால் நானும் கூடப் போகிறேன். கடையில் அன்று விடுமுறை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். "என்ன விசேஷம், சிஎஸ்கே மேட்ச்கூட இன்னும் ஆரம்பிக்கலையே?" என்று தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள். எங்களுக்கு ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டை வெள்ளிக்குள் முடிக்க மெஷினை மிதித்தேன்.