காலி டேங்க்

கடலை பூத்து விழுது இறங்குற நேரம். தண்ணி விட்டே ஆகணும். பார்த்தால் டீசல் இன்ஜின் டேங்கில் ஓரத்து ஒட்டுல கசிவு. துணி சோப்பை அழுத்தித் தேய்ச்சேன். ரெண்டு நாள் தாங்குச்சு.

டீசலை வடிச்சுட்டு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

"காலிதான் தம்பி, சட்டுனு பத்த வச்சுக் கொடு."

"காலி டேங்க்தாண்ணே வெடிக்கும். உள்ளே ஆவி நிக்கும்."

சோப்புத்தூள் போட்டு மூணு தடவை கழுவி, ஓட்டை மேலே வர்ற மாதிரி சாய்ச்சு, அதுக்கு ஒரு விரக்கடை கீழ வரைக்கும் தண்ணி நிரப்பி, மூடியைத் திறந்து வச்சுதான் பத்த வச்சாப்ல. அரை நாள் போச்சேன்னு எனக்குக் கோபம். இதுக்கு முன்னாடி வெறும் டேங்கை எத்தனை தடவை நெருப்புக்குக் கொடுத்திருக்கேன்! நினைச்சா இப்ப வயித்தைக் கலக்குது.

வீட்டுக்கு வந்ததும் மகன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே குட்டி விமானம் கட்டுறாங்க. பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள்ளேயே இருக்கு. அலுமினியத் தகட்டை ரிவிட் அடிச்சு, ஒவ்வொரு ரிவிட்டுக்கும் பசை பூசுறாங்க. அப்புறம் வாயில பலூனை மாட்டி, லேசா காத்து ஏத்தி, சோப்புத்தண்ணி தடவுறாங்க. குமிழி வந்தா கசிவு. நாம சைக்கிள் ட்யூபைத் தண்ணியில முக்குற சங்கதிதான். ஆனா பம்பு வச்சு அழுத்தினா தகடு உப்பிடும். பலூன்னா அளவு மீறாது.

பேத்தி பலூனை வாங்கி மாட்டினேன். பத்த வச்ச இடத்துக்குப் பக்கத்துலயே பொடிக் குமிழி!

மறுபடி பட்டறை, மறுபடி கழுவல். இந்தத் தடவை நான் அவசரப்படுத்தலை. டேங்கை வெயில்ல காய வச்சு, மூணாம் நாள்தான் கடலைக்குத் தண்ணி பாய்ஞ்சுது. பேத்திக்கு ரெண்டு பலூன் பாக்கி.